மீறுதல், பாவம், அக்கிரமம்: சங்கீதம் 32-இன் மூன்று சொற்கள்

கேள்வி இது: சங்கீதம் 32-இன் முதல் இரண்டு வசனங்களில் மீறுதல், பாவம், அக்கிரமம் என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே பொருளை மூன்று விதமாகச் சொல்கிறார்களா, அல்லது மூன்றும் வேறு வேறு குற்றங்களா? பாவம் சின்னது, மீறுதல் அதைவிடப் பெரியது, அக்கிரமம் எல்லாவற்றிலும் பெரியது என்று ஒரு வேதபாட வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அது சரியா?

மூன்றும் வேறு வேறு சொற்கள்தான். ஆனால் அந்த ஏணி சரியில்லை. எபிரெயத்தில் இந்த மூன்று சொற்களும் மூன்று படங்களைக் காட்டுகின்றன. ஒன்று குறி தப்பிப்போவது, ஒன்று உறவை முறித்துக்கொண்டு எதிர்த்து நிற்பது, இன்னொன்று நேராக இருந்தது கோணிப்போவது. ஒரே செயலை இந்த மூன்று பக்கமிருந்தும் பார்க்கலாம். வேதாகமம் பல இடங்களில் அப்படித்தான் பார்க்கிறது.

இதைத் தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தறிவது கடினம். பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படும் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அழகானது. நான் அதில் வளர்ந்தவன், ஜெபிக்கும்போது இன்றும் அதன் சொற்கள்தான் வாயில் வருகின்றன. ஆனால் ஒரு எபிரெயச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் என்ற கட்டுப்பாட்டை அது வைத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒவ்வொரு சொல்லாக மூலத்துக்குப் போய்ப் பார்ப்போம். தனியாகக் குறிப்பிடாவிட்டால், நான் எடுத்துக்காட்டும் வசனங்கள் அந்த மொழிபெயர்ப்பிலிருந்துதான்.

பாவம் என்று நாம் படிக்கும் இடங்களில் பெரும்பாலும் எபிரெயத்தில் இருப்பது ஹட்டாத். இந்த வேர்ச்சொல் பழைய ஏற்பாட்டில் 600 முறைக்குக் கிட்டத்தட்ட வருகிறது. அதன் அடிப்படைப் பொருளை நியாயாதிபதிகள் 20:16-இல் பார்க்கலாம். பென்யமீன் கோத்திரத்தில் இடதுகைப் பழக்கமுள்ள 700 பேர் இருந்தார்கள். அவர்கள் "ஒரு மயிரிழையும் தப்பாதபடிக்கு" கவண்கல் எறிவார்கள் என்று வசனம் சொல்கிறது. அந்தத் "தப்பாதபடிக்கு" என்ற இடத்தில் இருப்பது இதே வேர்தான். நீதிமொழிகள் 19:2-இல் "கால் துரிதமானவன் தப்பி நடக்கிறான்" என்பதிலும் அதே சொல். அவசரமாக ஓடுகிறவன் வழியை விட்டுவிடுகிறான்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. "குறி தப்பியது" என்றும் சொல்கிறோம், "தப்பு செய்துவிட்டேன்" என்றும் சொல்கிறோம். "வழி தவறினான்" என்றும் சொல்கிறோம், "தவறு செய்தான்" என்றும் சொல்கிறோம். தப்பு, தவறு என்ற இரண்டு தமிழ்ச் சொற்களுமே எபிரெயச் சொல் எந்தப் படத்திலிருந்து கிளம்பியதோ அதே படத்திலிருந்து கிளம்பியவை. ஆனால் மொழிபெயர்ப்பில் வந்து உட்கார்ந்தது "பாவம்" என்ற வடசொல். அதில் குறியும் இல்லை, வழியும் இல்லை. போதாததற்கு, பேச்சுத் தமிழில் "அந்தப் பிள்ளை பாவம்" என்றால் இரக்கத்துக்குரியவன் என்று பொருள். சிறுபிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரியும்.

குறி என்ற படம் மூலத்தில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு நீதிமொழிகள் 8:35-36 நல்ல சாட்சி. ஞானம் பேசுகிறது: என்னைக் கண்டடைகிறவன் ஜீவனைக் கண்டடைகிறான். அடுத்த வசனத்தைத் தமிழில் "எனக்கு விரோதமாகப் பாவஞ்செய்கிறவன்" என்று வாசிக்கிறோம். கண்டடைவதற்கு எதிர்ச்சொல்லாக வைத்துப் படித்தால் "என்னைத் தவறவிடுகிறவன்" என்றே அது ஒலிக்கிறது.

ஆனால் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு, பாவம் என்பது சும்மா கைப்பிசகு, நல்ல எண்ணத்தோடு எறிந்த கல் கொஞ்சம் தள்ளி விழுந்தது என்று யாராவது போதித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய மறுநாள் மோசே ஜனங்களிடம், நீங்கள் மகா பெரிய பாவம் செய்தீர்கள் என்று சொன்னபோது (யாத்திராகமம் 32:30) பயன்படுத்தியதும் இதே வேர்தான். ஒரு சொல் எங்கிருந்து கிளம்பியது என்பது வேறு, அது எதையெல்லாம் சுட்டப் பயன்பட்டது என்பது வேறு. வேதாகமத்தில் இந்தச் சொல் முதல்முதலாக வருவதும் மிதமான இடத்தில் இல்லை. ஏதேன் தோட்டத்துக் கதையில், அதாவது ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில், "பாவம்" என்ற சொல்லே கிடையாது. அடுத்த அதிகாரத்தில் காயீனிடம் கர்த்தர் பேசும்போதுதான் அது வருகிறது: பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது (4:7). பதுங்கிப் படுத்திருக்கும் ஒரு மிருகத்தைப் போல அங்கே அது காட்டப்படுகிறது.

அடுத்தது மீறுதல். எபிரெயத்தில் பெஷா. மூன்றில் மிகக் குறைவாக, பெயர்ச்சொல்லாக 93 இடங்களில் வருவது இதுதான். மொழிபெயர்ப்பில் அதிகம் இழந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

மீறுதல் என்றவுடன் நமக்கு ஒரு கோடு, ஒரு வரம்பு நினைவுக்கு வருகிறது. சட்டத்தை மீறினான், சிக்னலை மீறினான் என்கிறோம். சிக்னலை மீறியவனுக்கும் காவலருக்கும் நடுவில் முறிந்துபோக உறவு எதுவும் இல்லை. அபராதம் கட்டினால் முடிந்தது. எபிரெயத்திலும் அப்படிக் கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு சொல் உண்டு. அது ஆவார். கட்டளையை மீறினதினாலே பாவஞ்செய்தேன் என்று சவுல் ராஜா சாமுவேலிடம் சொல்கிறாரே (1 சாமுவேல் 15:24), அங்கே இருப்பது அந்த ஆவார்தான். பெஷா இல்லை.

பெஷாவின் இடம் அரசியல். ஆகாப் ராஜா செத்ததும் மோவாபியர் இஸ்ரவேலுக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள் என்று 2 இராஜாக்கள் 1:1 சொல்கிறது. கலகம்பண்ணினார்கள் என்பதற்கு எபிரெயத்தில் பெஷாவின் வினைச்சொல். சாலொமோனுக்குப் பிறகு வடக்கே இருந்த பத்துக் கோத்திரங்கள் தாவீதின் வம்சத்தை உதறிவிட்டுப் பிரிந்துபோனதற்கும் (1 இராஜாக்கள் 12:19) அதே சொல். இருந்த கட்டை அறுத்துக்கொண்டு, இனி நீ எனக்கு ராஜா இல்லை என்று சொல்வதுதான் பெஷா. இதை மனதில் வைத்துக்கொண்டு ஏசாயா 1:2-ஐத் திறந்து பாருங்கள். "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்." அங்கேயும் இதே வினைச்சொல். இங்கே சட்டப் புத்தகம் எதுவும் இல்லை. வளர்த்த பிள்ளை வீட்டை எதிர்த்து நிற்கிறான், தகப்பன் வானத்தையும் பூமியையும் கூப்பிட்டு அழுகிறார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தச் சூடு தெரியாமலில்லை. யாக்கோபு இறந்த பிறகு, யோசேப்பு இனி நம்மைப் பழிவாங்கிவிடுவான் என்று பயந்த சகோதரர்கள் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கிறார்களே (ஆதியாகமம் 50:17), அங்கே பெஷாவும் ஹட்டாத்தும் சேர்ந்து வருகின்றன. தமிழில் அதை "துரோகத்தையும் பாதகத்தையும்" என்று வைத்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவனைக் குழியில் போட்டு விற்றதற்கு மீறுதல் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. துரோகம் என்றுதான் எழுதினார்கள். என் மனதுக்குப் பெஷாவுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் இதுவே. ஆமோஸ் 1-ஆம் அதிகாரத்தில் "மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும்" என்று திரும்பத் திரும்ப வருவதும் பெஷாதான். ஆக மீறுதல், துரோகம், பாதகம், கலகம் என்று நான்கு தமிழ்ச் சொற்களுக்குப் பின்னால் ஒரே எபிரெய வேர் நிற்கிறது.

மூன்றாவது அக்கிரமம். எபிரெயத்தில் ஆவோன், சுமார் 230 இடங்களில். வளைவது, கோணுவது என்ற வேரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் சொல். தமிழில் நமக்கு அக்கிரமம் என்றால் பெரிய அநியாயம். "என்ன அக்கிரமம் இது!" என்று சத்தம் போடும் அளவுக்கு ஒன்று நடந்தால்தான் அந்தச் சொல்லை எடுக்கிறோம். அந்த வகுப்பில் அதை ஏணியின் உச்சியில் வைத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். வடமொழியில் அக்கிரமம் என்பதற்குக் கிரமம் இல்லாதது, ஒழுங்கற்றது என்று பொருள். கோணல் என்ற படம் அதில் வரவே இல்லை.

தமிழில் அந்தப் படத்தைத் தாங்கும் சொல் கொடுமை. கொடு என்றால் வளைந்த. வளைந்த வாள் கொடுவாள், வளைந்த காய் கொடுக்காய், நேர்மை தவறிய ஆட்சி கொடுங்கோல். கொடுமை என்ற சொல்லுக்கே வளைவு என்பது பழைய பொருள்களில் ஒன்று. வளைவிலிருந்து தீமைக்குப் போன இதே பாதையில்தான் ஆவோனும் போயிருக்கிறது. மொழிபெயர்ப்பை மாற்றவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆவோன் என்றால் என்ன என்று ஒரு தமிழரிடம் கேட்டால், அவர் தன் மொழிக்குள்ளேயே பதிலைக் கண்டுகொள்ளலாம்.

ஆவோனில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, அதுதான் முக்கியம். இந்தச் சொல் செய்த செயலோடு நிற்பதில்லை. செயல், அதனால் ஒட்டிக்கொண்ட குற்றம், அதனால் வரப்போகும் தண்டனை, மூன்றுக்கும் இந்த ஒரு சொல்தான். ஆதியாகமம் 4:13-இல் காயீன் "எனக்கு இட்ட தண்டனை என்னால் சகிக்க முடியாது" என்கிறான். தண்டனை என்று தமிழில் இருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது "என் ஆவோன்". "சகிக்க" என்ற இடத்தில் இருப்பது "சுமக்க". அதனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் லத்தீன் மொழிபெயர்ப்பும் அந்த வசனத்தை "என் குற்றம் மன்னிக்க முடியாத அளவு பெரிது" என்ற பொருளில் எடுத்துக்கொண்டன. இரண்டுக்கும் எபிரெயத்தில் இடம் உண்டு. சங்கீதம் 38-இல் "என் அக்கிரமங்கள் என் தலைக்கு மேலாகப் பெருகிற்று" என்றும், அவை பாரச்சுமையைப்போலத் தாங்கமுடியாதவை என்றும் சொல்லிவிட்டு, இரண்டு வசனம் தள்ளி, தான் வளைந்து ஒடுங்கிப்போனதாகச் சொல்கிறார் சங்கீதக்காரர். அந்த வளைதலும் ஆவோனின் வேரைக் கொண்டே சொல்லப்பட்டிருக்கிறது. கோணலான செயல் சுமையாக முதுகில் ஏறி, ஆளையே கோணலாக்கிவிடுகிறது.

கத்தோலிக்கரும் பிராட்டஸ்டன்ட் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம், சங்கீதம் 51-இல் ஆவோனுக்குத் "தீவினை" என்று போட்டிருக்கிறது. முதலில் எனக்கு அது உறுத்தியது. வினை என்றால் முற்பிறப்பு, கர்மம் என்று எண்ணம் ஓடுமே என்று தயங்கினேன். யோசிக்க யோசிக்க, செயலையும் அதன் விளைவையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கும் தமிழ்ச் சொல் வேறு எது என்று தோன்றியது. "வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்ற பழமொழியில் விதைப்பதும் வினை, அறுப்பதும் வினை. ஆவோனும் அப்படித்தான். வேறுபாடு ஒன்று உண்டு. ஆவோன் தானாகச் சுழன்று வந்து பலன் கொடுக்கும் விதியாக மட்டும் சொல்லப்படுவதில்லை. அதை வேறொருவர் சுமக்கவும் முடியும்.

மன்னிப்பு என்பதற்கு எபிரெயத்தில் அடிக்கடி வரும் சொற்களில் ஒன்று நாசா. பொருள் தூக்குதல், சுமத்தல். யாத்திராகமம் 34:7-இல் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது "அக்கிரமத்தையும் மீறுதலையும் பாவத்தையும் மன்னிக்கிறவர்" என்கிறார். மூன்று சொற்களும் சேர்ந்து நிற்கும் பெரிய வசனம் அது. அங்கே மன்னிக்கிறவர் என்பது, எழுத்துக்கு எழுத்து, சுமக்கிறவர். பாவநிவாரண நாளில் வனாந்தரத்துக்கு அனுப்பப்படும் வெள்ளாட்டுக்கடா ஜனங்களுடைய அக்கிரமங்களையெல்லாம் தன்மேல் சுமந்துகொண்டு போகும் என்கிற லேவியராகமம் 16:22-இலும் நாசா, ஆவோன் என்ற இதே இரண்டு சொற்கள். கடா செய்கிற வேலைக்கும் கர்த்தர் மன்னிப்பதற்கும் எபிரெயத்தில் ஒரே வினைச்சொல்.

தமிழில் இதற்கு ஈடு இல்லையா என்றால், இருக்கிறது. "பொறு." பாரத்தைப் பொறுப்பதும் பொறுத்தல், பிழையைப் பொறுப்பதும் பொறுத்தல். மீகா 7:18-இல் அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் "அக்கிரமத்தைப் பொறுத்து, மீறுதலை மன்னிக்கிற தேவரீருக்கு ஒப்பான தேவன் யார்?" என்று எழுதியிருக்கிறார்கள். மூலத்தில் அங்கே நாசா. எவ்வளவு சரியான இடத்தில் எவ்வளவு சரியான சொல் விழுந்திருக்கிறது! கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்ற ஜெபத்திலும் அதே பொறுத்தல்தான் இருக்கிறது.

சரி, இப்போது மூன்றையும் ஒரு மனிதனிடம் வைத்துப் பார்ப்போம். சங்கீதம் 51-இன் தலைப்பு, பத்சேபாள் விஷயத்துக்குப் பிறகு நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்தபோது பாடியது என்கிறது. நடந்த கதை 2 சாமுவேல் 11-இல் இருக்கிறது. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் தாவீது எருசலேமில் தங்கிவிட்டான். ஒரு ராஜா எங்கே நிற்கவேண்டுமோ அங்கே அவன் நிற்கவில்லை. அதை ஹட்டாத் என்று பார்க்கலாம். பிறகு பத்சேபாளை அழைத்தது, அவள் கர்ப்பமானதும் உரியாவைப் போர்க்களத்திலிருந்து வரவழைத்து வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது, அது நடக்காததால் மது கொடுத்து வெறிக்கச் செய்தது, கடைசியில் அவன் சாவுக்கான கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து யோவாபிடம் அனுப்பியது. ஒன்றை மூடப்போய் இன்னொன்று என்று கோணல்மேல் கோணல். அது ஆவோன். அப்புறம் இந்த உரியா யார்? 2 சாமுவேல் 23-இல் தாவீதின் பராக்கிரமசாலிகள் பட்டியலில் 37 பேரில் கடைசிப் பெயர் அவனுடையது. தனக்காக உயிரைப் பணயம் வைத்த வீரனை ராஜாவே கொல்லக் கொடுத்தார். அதற்குப் பெஷா என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

விளங்குவதற்காக நான் இப்படிப் பிரித்துச் சொன்னேன். சங்கீதம் அப்படிப் பங்குபோட்டுக் கொடுக்கவில்லை. அது முழுக் காரியத்தையும் மூன்று பெயர்களால் கூப்பிடுகிறது. மூன்று பெயருக்கும் மூன்று விதமான நீக்கத்தைக் கேட்கிறது. பெஷாவைத் துடைக்கக் கேட்கிறது, எழுதியதை அழிப்பதுபோல. ஆவோனைக் கழுவக் கேட்கிறது. அந்தக் கழுவுதலுக்கு இருக்கும் எபிரெயச் சொல் துணி வெளுப்பதற்கு உரியது, உடம்பைக் கழுவுவதற்கு வேறு சொல் இருக்கிறது. ஹட்டாத்திலிருந்து சுத்திகரிக்கக் கேட்கிறது, ஆசரிப்புக் கூடாரத்தின் சுத்திகரிப்புச் சடங்கில் வரும் சொல் அது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் வசனத்திலும் இரண்டாம் வசனத்தின் முடிவிலும் "சுத்திகரியும்" என்றே வந்துவிட்டதால், துடைப்பதற்கும் சுத்திகரிப்பதற்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிட்டது. திருவிவிலியத்தில் "துடைத்தருளும்", "கழுவியருளும்", "தூய்மைப்படுத்தியருளும்" என்று மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன.

மூன்றும் மூன்று தனிப் பெட்டிகள் இல்லை என்பதற்கு, கேள்வியில் வந்த சங்கீதம் 32-லேயே ஆதாரம் இருக்கிறது. அதன் 5-ஆம் வசனத்தின் முடிவு: "தேவரீர் என் பாவத்தின் தோஷத்தை மன்னித்தீர்." மூலத்தில் "என் ஹட்டாத்தின் ஆவோன்" என்று இருக்கிறது. பாவம் சின்னதாகவும் அக்கிரமம் பெரியதாகவும் இருந்தால் "சின்னக் குற்றத்தின் பெரிய குற்றம்" என்று பொருளில்லாமல் போய்விடும். செய்த பாவம் விட்டுச்சென்ற கறை, அதன் குற்றச்சுமை என்று எடுத்தால் எல்லாம் சரியாகிறது. "தோஷம்" என்று மொழிபெயர்த்தவருக்கு அது புரிந்திருக்கிறது.

இந்த ஏணிக் கருத்து எங்கிருந்து வந்தது என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதற்குப் பழைய வேர் உண்டு. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் எந்த வரிசையில் அறிக்கையிடவேண்டும் என்று யூத ரபிகள் விவாதித்தது, அவர்களுடைய பழைய விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் யோமா பகுதியில் இருக்கிறது. ரபி மெயீர், லேவியராகமத்தில் உள்ளபடி ஆவோன், பெஷா, ஹட்டாத் என்ற வரிசையே சரி என்றார். மற்ற அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஹட்டாத் என்பது அறியாமல் செய்தது, ஆவோன் என்பது தெரிந்து செய்தது, பெஷா என்பது எதிர்த்துக் கலகம் செய்தது. தெரிந்து செய்ததையும் கலகத்தையும் அறிக்கையிட்ட பிறகு, அறியாமல் செய்ததற்குத் திரும்பி வருவானா? அதனால் சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகவேண்டும் என்றார்கள். பெஷா கலகம்தான் என்று காட்ட அவர்கள் மேற்கோள் காட்டியதும் மோவாப் ராஜாவின் கலகத்தைப் பற்றிய வசனத்தைத்தான். இந்த ஏணியிலும் உச்சியில் நிற்பது பெஷா, அதாவது நம் மீறுதல். அக்கிரமம் நடுவில் இருக்கிறது. வகுப்பில் சொல்லப்பட்ட வரிசை இதனோடும் பொருந்தவில்லை.

ரபிகள் பெஷாவின் கனத்தைச் சரியாகவே உணர்ந்தார்கள். ஆனால் அதை வேதாகமம் முழுவதற்கும் விதியாக வைக்க முடியாது. பொன் கன்றுக்குட்டி அறியாமல் செய்த காரியம் இல்லையே. அறிந்தும் அறியாமலும் என்ற வேறுபாட்டைத் தோரா, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்கள், வேறு சொற்களால் காட்டுகிறது. எண்ணாகமம் 15-இல் அறியாமையினால் செய்கிறவனுக்குப் பலி உண்டு, "துணிகரமாய்" செய்கிறவன் ஜனத்தில் இராமல் அறுப்புண்டுபோவான். துணிகரமாய் என்பதற்கு எபிரெயத்தில் "உயர்த்திய கையோடு" என்று இருக்கிறது. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுக் கிளம்பியதைச் சொல்லும் யாத்திராகமம் 14:8-இலும் அதே சொற்றொடர். முஷ்டியை உயர்த்திக்கொண்டு போவது போன்ற படம். ஒரு குற்றத்தின் கனத்தை அளக்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்கவேண்டும்.

குற்றம் என்ற சொல்லையும் ஒரு வரி தொட்டுவிடுகிறேன். லேவியராகமத்தில் பாவநிவாரணபலியோடு குற்றநிவாரணபலி என்று ஒன்று வருகிறது. அதற்கு ஆஷாம் என்று பெயர். இதில் பிறர் பொருளை ஏமாற்றி எடுத்தவன் அந்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிச் சொந்தக்காரனிடம் கொடுத்துவிட்டுத்தான் பலிக்கு வரவேண்டும் (6:5). குற்றம் இங்கே தீர்க்கவேண்டிய கடனாகப் பார்க்கப்படுகிறது. ஏசாயா 53:10-இல் "குற்றநிவாரணபலி" என்று இருப்பதும் இந்த ஆஷாம்தான்.

அக்கிரமம் என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது, அதில் பலர் விழுகிறார்கள். சங்கீதங்களில் "அக்கிரமக்காரர்" என்று வரும்போது, உதாரணமாக 5:5-இல், எபிரெயத்தில் இருப்பது ஆவோன் இல்லை. ஆவென் என்ற வேறு சொல். கேடு, வெறுமை, பொய் என்ற பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. பெத்தேலை, தேவனுடைய வீடு என்ற பெயரை, ஓசியா தீர்க்கதரிசி பெத்தாவேன் என்று மாற்றிக் கூப்பிட்டது அந்த ஆவெனை வைத்துத்தான். ஏசாயா 53-இல் இன்னொரு கலவை. 5-ஆம் வசனத்தில் "மீறுதல்களினிமித்தம்", "அக்கிரமங்களினிமித்தம்" என்று பெஷாவும் ஆவோனும் சரியாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் 12-ஆம் வசனத்தில் "அக்கிரமக்காரரில் ஒருவராக எண்ணப்பட்டு" என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது பெஷா செய்தவர்கள், அதாவது கலகக்காரர்கள். தமிழை மட்டும் வைத்துச் சொல்லாராய்ச்சி செய்தால் அந்த அதிகாரத்தின் கோர்வையே கையைவிட்டுப் போய்விடும்.

புதிய ஏற்பாட்டில் கிரேக்கச் சொற்கள் வருகின்றன. பாவம் பெரும்பாலும் ஹமார்தியா. ஹோமர் காலத்தில் ஈட்டி குறி தப்புவதற்கு இந்த வேர்ச்சொல் பயன்பட்டது. பவுல் எழுதும்போது அந்தப் படம் எவ்வளவோ பின்னால் போய்விட்டது. ரோமர் நிருபத்தில் ஹமார்தியா ஒரு எஜமானைப்போல ஆளுகிறது, சம்பளமும் கொடுக்கிறது. "பாவத்தின் சம்பளம் மரணம்" என்பதில் உள்ள சம்பளம், போர்ச்சேவகருக்குக் கொடுக்கும் கூலிக்கு உரிய சொல்.

மீறுதலுக்கு அங்கே பராபாசிஸ் என்ற சொல் உண்டு. இதுதான் தமிழ் மீறுதலுக்கு அச்சாகப் பொருந்துவது, கோட்டைத் தாண்டிக் காலை வைப்பது. பவுல் இதை மிகக் கவனமாகக் கையாளுகிறார். "நியாயப்பிரமாணமில்லாவிட்டால் மீறுதலுமில்லை" என்று ரோமர் 4:15-இல் சொல்கிறார். ஆனால் அடுத்த அதிகாரத்தில், நியாயப்பிரமாணம் கொடுக்கப்படுமுன்னும் பாவம் உலகத்தில் இருந்தது என்கிறார் (5:13). கோடு போட்ட பிறகுதான் தாண்டுதல். கோடு இல்லாதபோதும் நோய் இருந்தது. இரண்டு சொற்களையும் ஒன்றாக எண்ணிப் படிப்பவருக்கு இந்த இரண்டு வசனங்களும் முரண்படுவதுபோலத் தெரியும்.

தமிழில் அதிகம் அலைக்கழிந்த கிரேக்கச் சொல் பராப்டோமா, விலகி விழுதல். மத்தேயு 6:14-இல் அது "தப்பிதம்". ரோமர் 5:15-இல் "மீறுதல்". கலாத்தியர் 6:1-இல் "குற்றம்". எபேசியர் 2:1-இல் "அக்கிரமங்கள்". ஒரே சொல்லுக்கு நான்கு முகம். மறுபக்கம், மத்தேயு 7:23-இல் "அக்கிரமச் செய்கைக்காரரே" என்பது அனோமியா, சட்டமின்மை. லூக்கா 13:27-இல் "அக்கிரமக்காரர்" என்பது அடிகியா, அநீதி. அந்த அடிகியாவே 1 யோவான் 1:9-இல் "அநியாயம்", 5:17-இல் "அநீதி".

கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் இந்தச் சொற்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். மத்தேயு 6:12-இல் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்". இரண்டு வசனம் தள்ளி அதையே விளக்கும்போது "தப்பிதங்கள்". லூக்கா 11:4-இல் அதே ஜெபம் "எங்கள் பாவங்களை". இயேசு பேசிய அரமேயத்தில் ஹோபா என்ற சொல்லுக்குக் கடன் என்றும் பாவம் என்றும் இரண்டு பொருளும் உண்டு. மத்தேயு எழுத்துக்கு எழுத்து வைத்தார். லூக்கா கிரேக்க வாசகருக்குப் புரியும்படி பாவம் என்று மாற்றினார், ஆனால் அடுத்த வரியில் "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்" என்று பழைய சொல்லின் தடத்தை விட்டுவைத்தார். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனின் உவமையை மத்தேயு 18-இல் படிக்கும்போது அந்த ஹோபா நினைவில் இருக்கட்டும்.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் எபிரெயம் படித்துத் தேற வேண்டியதில்லை. பெரும்பாலான வேதாகமச் செயலிகளில் ஸ்ட்ராங் எண்கள், அதாவது ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் கொடுக்கப்பட்ட எண்கள், இருக்கின்றன. எபிரெயத்தில் ஹட்டாத் 2403, பெஷா 6588, ஆவோன் 5771, அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஆவென் 205. கிரேக்கத்தில் ஹமார்தியா 266, பராப்டோமா 3900, பராபாசிஸ் 3847, அனோமியா 458, அடிகியா 93. முதலில் சங்கீதம் 51-இன் முதல் ஐந்து வசனங்களை எடுங்கள். 5-ஆம் வசனத்தில் "துர்க்குணத்தில் உருவானேன்" என்ற இடத்தில் எந்த எண் வருகிறது என்று பாருங்கள். அது 5771, மறுபடியும் ஆவோன். அதற்குப் பிறகு ஏசாயா 53-க்குப் போங்கள், வசனத்துக்கு வசனம் நின்று நிதானமாக.